ஜி.ஆர்.இ. வெர்பல் ஸ்கோர் ஏற மறுக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மேற்படிப்புச் சேர்க்கைக்குப் பல பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஜி.ஆர்.இ. தேர்வை எழுதப்போகிறவர்களின் வெர்பல் (ஆங்கில மொழித்திறன் பகுதி) விடைத்தாள்களைப் பார்த்துத் திருத்திக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வருவார்கள்: "எனக்கு வொக்காபுலரி பத்தவில்லை." விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால், பல பேருக்குக் கோளாறு வேறெங்கோ இருக்கும். ஆனால் அதற்குள் அவர்கள் இன்னொரு ஆயிரம் சொல் பட்டியலை இறக்கி, மனப்பாடத்தைத் தொடங்கியிருப்பார்கள்.

அதனால் இங்கே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், மாதக்கணக்கில் வேலை வாங்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

கடைசியாக எழுதிய மாக் டெஸ்டை (மாதிரித் தேர்வை) எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கங்களைத் திறக்க வேண்டாம். எந்தெந்தக் கேள்வி தப்பு என்ற எண்கள் மட்டும் போதும், சரியான விடை எது என்று பார்க்கக் கூடாது. முடிந்தால் வேறு யாரையாவது திருத்தச் சொல்லி, எண்களை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் கடிகாரம் இல்லாமல், அகராதியும் இல்லாமல், தப்பான கேள்விகளை மறுபடி போடுங்கள். இப்போது சரியாக வந்தவற்றுக்குப் பக்கத்தில் 'நேரம்' என்று எழுதுங்கள். மிச்சமிருப்பவற்றை இரண்டாவது சுற்றில் அகராதியோடு போடுங்கள். இதில் சரியாக வந்தவை 'சொல்'. அகராதி கையில் இருந்தும் தப்பாகவே வந்தவை 'வாசிப்பு'.

மாக் டெஸ்டில் குருட்டாம்போக்கில் சரியாகிப்போன கேள்விகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வு நாளில் அந்த அதிர்ஷ்டம் கூடவே வரும் என்று சொல்ல முடியாது.

எந்தக் குவியல் பெரிதோ அங்கே போங்கள். 'நேரம்' என்றால் 'நேரம் போதவில்லை' என்ற பகுதி. 'சொல்' என்றால் அடுத்த மூன்று பகுதிகள். 'வாசிப்பு' என்றால் பத்தி பற்றிய இரண்டு பகுதிகள். கோடிட்ட இடக் கேள்விகள் 'வாசிப்பு'க் குவியலில் நிறைய விழுந்திருந்தால், அடுத்த பகுதியையும் சேர்த்துப் படியுங்கள்.

அறிகுறி: "சொல் எல்லாம் தெரியும், ஆனாலும் கோடிட்ட இடம் தப்பாகிறது"

மிக அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான். ஒரு மாதிரிக் கேள்வியை வைத்தே பார்ப்போம். வாக்கியத்தின் கருத்தைத் தமிழில் தருகிறேன்:

"அந்த விமர்சகர் பாராட்டியது கொஞ்சம்தான், ஆனாலும் அவருடைய வழக்கமான ______ தெரிந்தவர்களுக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது."

ஆப்ஷன்கள் ஐந்து: எருடிஷன் (புலமை), எஃப்யூசிவ்னெஸ் (பொங்கிவழியும் உற்சாகம்), பார்சிமனி (கஞ்சத்தனம்), இம்பார்ஷியாலிட்டி (நடுநிலை), கேண்டர் (ஒளிவுமறைவின்மை).

விடை பார்சிமனி. ஆனால் நடுநிலையையும் ஒளிவுமறைவின்மையையும் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. ஏன் தப்பு விழுகிறது என்பதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

*காரணம் 1: ஆப்ஷனை முதலில் பார்ப்பது.* 'விமர்சகர்' என்று படித்த கையோடு கண் கீழே ஓடுகிறது. நடுநிலை என்ற சொல் விமர்சகரோடு நன்றாக ஒட்டுவதுபோல் தெரிகிறது, கை அதை அழுத்திவிடுகிறது. சோதனை: ஆப்ஷன்களைக் கையால் மூடிக்கொண்டு, கோட்டில் என்ன வர வேண்டும் என்று தமிழிலேயே எழுதுங்கள். அழகான சொல் தேவையில்லை. 'லேசில் பாராட்டாத குணம்' என்று எழுதினால் போதும். அப்புறம் ஆப்ஷன்களைத் திறங்கள். பத்துக் கேள்விக்கு இப்படிச் செய்து பார்த்து, தப்புகள் சட்டென்று குறைந்தால் உங்கள் கோளாறு இதுதான். இதற்கு மேல் எதையும் தேட வேண்டாம், இதைப் பழக்கமாக்கினால் போதும்.

*காரணம் 2: திசைகாட்டும் சொல்லைத் தவறவிடுவது.* மேலே உள்ள வாக்கியத்தில் எல்லா வேலையையும் செய்வது 'ஆனாலும்'. ஆங்கிலத்தில் ஆல்தோ, டிஸ்பைட், ஃபார் ஃப்ரம், ஹார்ட்லி, நாட் ஸோ மச், அரைப்புள்ளி, முக்கால்புள்ளி எல்லாம் இந்த வேலையைச் செய்யும். ஹார்ட்லியும் ஃபார் ஃப்ரமும் எதிர்மறை என்று தெரியாதவர் இல்லை. இருந்தும் வேகத்தில் கண் தாண்டிவிடும். தப்பான கேள்விகளில் இந்தச் சொற்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். வட்டம் போட்டதும் விடை மாறினால் காரணம் பிடிபட்டது.

*காரணம் 3: ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று படித்திருப்பது.* பார்சிமனி என்றால் பணக் கஞ்சத்தனம் என்று பதிந்தவர், பாராட்டு பற்றிய வாக்கியத்தில் அதை முதலிலேயே அடித்துவிடுவார். இத்தனைக்கும் பாராட்டுவதில் கஞ்சன் என்று நாமே சொல்வதுதான். இதைவிட மோசமான தொல்லை, எளிய சொற்களின் இரண்டாவது பொருள். குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது மட்டுமல்ல, சொன்ன கருத்துக்கு வரம்பு போடுவதும்தான். டெம்பர் என்றால் தணிப்பது, செக் என்றால் தடுத்து நிறுத்துவது, ஃப்ளாக் என்றால் சோர்ந்துபோவது, வாண்ட் என்றால் இல்லாமை, பிளாஸ்டிக் என்றால் எளிதில் வடிவம் மாறக்கூடியது. சாங்ஷன் அனுமதியும் ஆகும், தண்டனையும் ஆகும். இவற்றை யாரும் பட்டியலில் தேடிப் படிப்பதில்லை, ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பு. 'சொல்' குவியலில் இப்படிப்பட்ட எளிய சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதிகமாக இருந்தால் புதிய பட்டியலை மூடிவைத்துவிட்டு, தெரிந்த சொற்களை அகராதியில் முழுப் பதிவாகப் படிப்பதில் ஒரு வாரம் செலவிடுங்கள்.

*காரணம் 4: தோற்றத்தை வைத்துப் பொருளை ஊகிப்பது.* எனர்வேட் பார்க்க எனர்ஜி போல இருக்கும், பொருளோ சக்தியை உறிஞ்சுவது. நோயிசம் சத்தத்தைப் பற்றியதல்ல, நாற்றத்தையும் கெடுதலையும் பற்றியது. ரெஸ்டிவ் ஓய்வாக இருப்பது அல்ல, நிலைகொள்ளாமல் தவிப்பது. ஒலியை வைத்துப் படிப்பவர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று: டிஸ்க்ரீட் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்கள் உண்டு. இரண்டு 'இ' எழுத்துகள் ஒட்டி வருவது, விஷயத்தை வெளியே விடாத பக்குவம். அந்த இரண்டுக்கும் நடுவே 'டி' எழுத்து வருவது, தனித்தனியானது. காதால் மட்டும் படித்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த மாதிரிச் சொற்களுக்கு ஒரு தனிப்பக்கம் வைத்து, இரட்டை இரட்டையாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு, மூன்று கோடுகள் உள்ள கேள்விகளுக்கு ஒரு குறிப்பு. எல்லாக் கோடுகளும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். பாதி சரிக்குப் பாதி கிடைக்காது. முதல் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற சட்டம் கிடையாது. எந்தக் கோட்டைச் சுற்றித் துப்பு அதிகமாக இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள்.

*ஆளைத் தேட வேண்டிய கட்டம்:* நான்கையும் சோதித்த பிறகும், அகராதி கையில் இருக்கும்போதே பாதிக்கு மேல் தப்பாகிறது என்றால் இது வாக்கிய அமைப்புப் பிரச்சினை. ஆங்கில இலக்கணமும் வாசிப்பும் சொல்லித்தருபவரிடம் போங்கள். சொற்பட்டியல் விற்பவரிடம் போவதில் பயன் இல்லை.

அறிகுறி: "நேற்றுப் படித்த சொல் இன்று நினைவில் இல்லை"

முதலில், எப்படிப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள். பட்டியலில் சொல்லையும் பொருளையும் பக்கம்பக்கமாக வைத்து மேலிருந்து கீழே வாசிப்பவராக இருந்தால், மறந்துபோவதில் ஆச்சரியமே இல்லை. பொருளை மறைத்து, நீங்களாகச் சொல்லிப் பார்க்கும்போதுதான் சொல் நிற்கும். இது தீர்ந்தால் பெரும்பாலும் பிரச்சினையும் தீரும்.

இரண்டாவது, அகர வரிசை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரே நாளில் அடுக்கினால் இன்ஜீனியஸும் (சாமர்த்தியமான) இன்ஜெனுவஸும் (கள்ளமற்ற) ஒன்றோடொன்று குழம்பிவிடும். பட்டியலைக் கலைத்துப் படியுங்கள். ஒத்த தோற்றமுள்ள இரண்டை ஒரே நாளில் புதிதாகத் தொடங்காதீர்கள். ஒன்று உறுதியாக நின்ற பிறகு மற்றதைச் சேர்க்கலாம்.

மூன்றாவது, அளவு. ஃபிளாஷ் கார்டு செயலி (ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் உள்ள அட்டைகளைக் காட்டுவது) வைத்திருப்பவர்கள் புதிய அட்டைகளின் எண்ணிக்கையில் ஆசைப்படுவார்கள். ஆன்கி என்ற அத்தகைய செயலியில் ஒரு நாளைக்குப் புதிதாக 20 அட்டை என்பது தொடக்க அமைப்பு. வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டு படிப்பவருக்கு அதுவே தாராளம். புதிய அட்டை ஒவ்வொன்றும் அடுத்த வாரங்களில் பலமுறை திரும்பி வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. 50 என்று மாற்றிவைத்தவர்கள் சில வாரங்களில் மறுபார்வைக் குவியலைக் கண்டு பயந்து செயலியையே நீக்கிவிடுகிறார்கள்.

நான்காவது, ஒட்டவே ஒட்டாத சில சொற்கள். தொடக்க அமைப்பில், 8 முறை தவறிய அட்டையை ஆன்கியே தனியாகக் குறித்துக் காட்டும். அந்த அட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதை அழித்துவிட்டு, அந்தச் சொல் வரும் ஒரு முழு வாக்கியத்தை வைத்துப் புதிய அட்டை செய்யுங்கள். அதுவும் நிற்கவில்லையா, விட்டுத்தள்ளுங்கள். ஒரு சொல் இல்லாததால் யாருக்கும் ஸ்கோர் கவிழ்ந்துவிடாது.

இதற்கு ஆள் தேவையில்லை. சொல் மனப்பாடம் செய்ய வைப்பதற்காக ஒருவருக்குப் பணம் கொடுப்பது வீண்.

அறிகுறி: "சென்டன்ஸ் ஈக்குவலன்ஸில் இரண்டில் ஒன்று சரி, ஒன்று தப்பு"

இந்த வகைக் கேள்வியில் கோடு ஒன்றுதான். எதைப் போட்டாலும் வாக்கியம் ஒரே பொருள் தரும்படி, ஆறு ஆப்ஷன்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று மட்டும் சரியானால் மதிப்பெண் இல்லை. இங்கே தப்பு இரண்டு வகைதான்.

ஒன்று, வாக்கியத்தைப் படிக்காமல் ஒரே பொருளுள்ள ஜோடியைத் தேடுவது. கேள்வி அமைப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். வாக்கியத்தோடு சம்பந்தமே இல்லாத அழகான ஜோடி ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கலாம். மற்றொன்று, வாக்கியத்தில் தனித்தனியாகப் பொருந்தும் இரண்டு சொற்களை எடுப்பது. இரண்டுமே பொருந்தும், ஆனால் இரண்டு வாக்கியங்களும் வெவ்வேறு விஷயத்தைச் சொல்லும்.

சோதனை எளிது. தேர்ந்தெடுத்த இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, முழு வாக்கியத்தையும் இரண்டு முறை வாசியுங்கள். கேட்பவருக்கு ஒரே செய்தி போய்ச் சேருமா? சேராது என்றால் ஒன்றை மாற்ற வேண்டும். மிக அருமையாகப் பொருந்துகிற சொல்லுக்கு மீதி ஐந்தில் ஜோடியே இல்லையா? எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை அடித்துவிடுங்கள்.

அறிகுறி: "பத்தியைப் படித்து முடித்தேன், ஒன்றும் ஏறவில்லை"

பத்தியை மூடிவைத்துவிட்டு ஒரே வாக்கியத்தில், தமிழில், சொல்லிப் பாருங்கள்: ஆசிரியர் யார் கருத்தை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி என்ன சொல்ல வருகிறார்? சொல்ல முடிந்தால் உங்களுக்கு ஏறியிருக்கிறது, தேவையில்லாமல் பயப்படுகிறீர்கள். விவரங்கள் நினைவில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை, பத்தி திரையில்தான் இருக்கும். சொல்ல முடியவில்லை என்றால் கீழே போங்கள்.

*அந்நியமான தலைப்பைக் கண்ட மிரட்சி.* கடற்பாசி, இடைக்கால வணிகம், ஏதோ ஒரு ஓவியரின் கடைசிக் காலம் என்று வந்ததும் சிலருக்குக் கை நின்றுவிடும். கேள்விக்குத் தேவையானது எல்லாம் பத்திக்குள்ளேயே இருக்கும், வெளி அறிவு வேண்டியதில்லை. நீளமான அறிவியல் பெயர்களை முதல் எழுத்தால் குறித்துக்கொண்டு, அது ஒரு பொருள், இது இன்னொரு பொருள் என்ற அளவில் நகருங்கள். தெரிந்த தலைப்பில் நன்றாக வந்து, தெரியாத தலைப்பில் மட்டும் விழுகிறீர்கள் என்றால் காரணம் இதுதான். தெரியாத துறைகளில் தினமும் ஒரு கட்டுரை படித்தால் சில வாரங்களில் மிரட்சி போகும்.

*யாருடைய கருத்து என்று பிடிபடாமல் போவது.* ஜி.ஆர்.இ. பத்திகளில் குறைந்தது இரண்டு குரல்கள் அடிக்கடி இருக்கும்: முன்பிருந்தவர்கள் நினைத்தது ஒன்று, ஆசிரியர் சொல்வது இன்னொன்று. ஓரத் தாளில் 'மு' என்றும் 'ஆ' என்றும் போட்டு, ஒவ்வொரு வாக்கியமும் யாருடையது என்று குறித்துப் பழகுங்கள். இந்த ஒரே வேலையால் தப்பு பாதியாகக் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*நீண்ட வாக்கியத்தில் வழிதவறுவது.* தமிழில் யோசிப்பவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே வரும். நாம் 'நேற்று வந்த மனிதர்' என்று அடைமொழியை முன்னால் வைத்து, வினையை வாக்கியத்தின் கடைசியில் எதிர்பார்த்துப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் மனிதர் முதலில் வருவார். அவரைப் பற்றிய விவரமெல்லாம் பின்னால் தொங்கும், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே இரண்டு வரி செருகல் வரும். நாம் அந்தச் செருகலில் இருக்கும் வினையையே முக்கிய வினை என்று பிடித்துக்கொண்டு போய்விடுவோம். சோதனை: புரியாத வாக்கியத்தில் முக்கிய எழுவாய்க்குக் கீழே ஒரு கோடு, முக்கிய வினைக்குக் கீழே ஒரு கோடு. இரண்டை மட்டும் சேர்த்து வாசியுங்கள். அர்த்தமுள்ள ஒரு குட்டி வாக்கியம் வந்தால் சரி. வரவில்லை என்றால் கோடு போட்ட இடம் தப்பு. தினமும் ஐந்து வாக்கியத்துக்கு இதைச் செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இந்தப் பட்டியலில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் கணிப்பு.

*அடிப்படை வாசிப்பே குறைவு.* செலவு அதிகமான காரணம். முழுநீள ஆங்கிலக் கட்டுரை எதையும் பல மாதங்களாகப் படிக்காதவர், தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தந்திரம் கேட்டு வருவார். அதற்குத் தந்திரம் கிடையாது. அறிவியல், வரலாறு, கலை விமர்சனம் மூன்றிலும் கனமான கட்டுரைகளைத் தினமும் அரை மணி நேரம், சில மாதங்கள் படிக்க வேண்டும். தேர்வுத் தேதியைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

*மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம்:* திரையில் வாசித்தால் தலைவலி, வரி மாறிப்போவது, எழுத்து மங்குவது என்றால் முதலில் கண் பரிசோதனை. சிறு வயதிலிருந்தே எந்த மொழியில் படித்தாலும் எழுத்துக்கூட்டித்தான் போக முடிகிறது என்றால், வாசிப்புக் குறைபாட்டுக்கான முறையான மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம், உரிய சான்றுகளோடு விண்ணப்பிப்பவர்களுக்குக் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளைச் செய்கிறது. அந்த அனுமதியை வாங்கிய பிறகே தேர்வுத் தேதியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

அறிகுறி: "கடைசி இரண்டு ஆப்ஷனில் எப்போதும் தப்பானதையே எடுக்கிறேன்"

முதலில் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். 'எக்செப்ட்' என்ற சொல்லைத் தாண்டிப்போனது, வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்று கேட்டதற்குப் பலப்படுத்துவதை எடுத்தது: இவை புரியாமை அல்ல, அவசரம். இத்தகைய தப்புகளை எண்ணித் தனியாக வைத்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

மீதிக்கு ஒரு மாதிரிப் பத்தி. "ஓர் ஓவியரின் கடைசிக் காலப் படங்களில் இருண்ட நிறங்கள் கூடியதற்கு, அவர் பார்வை மங்கியதே காரணம் என்று அறிஞர்கள் கருதிவந்தார்கள். ஆனால் நோய் வருவதற்கு முன்பே அவர் அந்த நிறங்களை வாங்கச் சொல்லி எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன." இதிலிருந்து எதை ஊகிக்கலாம்?

அ) பார்வைக் குறைவு அவருடைய நிறத் தேர்வைப் பாதிக்கவே இல்லை.
ஆ) இருண்ட நிறங்கள் மீது அவருக்கு ஏன் ஈர்ப்பு வந்தது என்பதைக் கடிதங்கள் விளக்குகின்றன.
இ) நிற மாற்றத்தைப் பார்வைக் குறைவால் மட்டும் முழுமையாக விளக்கிவிட முடியாது.

முதலாவது, பத்தி போன திசையிலேயே போய் எல்லையைத் தாண்டிவிட்டது. கடிதங்கள் நோய்க்கு முந்தைய நிறத் தேர்வைத்தான் காட்டுகின்றன. நோய் வந்த பிறகு பாதிப்பே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவதில் கடிதம் உண்டு, நிறம் உண்டு, ஆனால் 'ஏன்' என்பது பத்தியில் இல்லை. மூன்றாவது மந்தமாக, சுவாரசியமில்லாமல் இருக்கிறது. அதுதான் விடை. கடைசி இரண்டில் தடுமாறுபவர்கள் முதலாவதை எடுப்பார்கள், காரணம் அது கம்பீரமாக ஒலிக்கிறது.

சோதனை: உங்கள் தப்பு விடைகளில் 'ஒன்லி', 'நெவர்', 'ஆல்வேஸ்', 'என்டயர்லி' போன்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன? நிறைய என்றால் நீங்கள் கம்பீரத்துக்கு மயங்குபவர். அதற்காக அந்தச் சொல்லைக் கண்டதுமே அடிக்கவும் கூடாது. பத்தியே அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருந்தால் அதுதான் சரி. மருந்து இதுதான்: விடையை அழுத்துவதற்கு முன் அதற்கு ஆதாரமான வரியை விரலால் தொட்டுக் காட்டுங்கள். ஆப்ஷனின் பாதிக்குத்தான் வரி கிடைக்கிறது என்றால் மீதிப் பாதி பொய்.

மூன்று ஆப்ஷன் கொடுத்து, பொருந்துவது எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் ஒப்பிடும் வேலையே கூடாது. மூன்றும் மூன்று தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக வரி காட்டுங்கள். விடை ஒன்றாகவும் இருக்கலாம், மூன்றுமாகவும் இருக்கலாம்.

*ஆளைத் தேட வேண்டிய கட்டம்:* விளக்கத்தைப் படித்த பிறகும் 'என் விடையும் சரிதானே' என்று தொடர்ந்து தோன்றினால். இதை உங்களால் தனியாகத் திருத்த முடியாது. உங்கள் வாதத்தைக் கேட்டு, எந்தச் சொல்லில் நழுவினீர்கள் என்று காட்ட எதிரே ஒருவர் வேண்டும். நன்றாகப் படிக்கிற நண்பர் ஒருவரே போதும்.

அறிகுறி: "நேரம் போதவில்லை"

2023 செப்டம்பர் 22 முதல் தேர்வு சுருக்கப்பட்டிருக்கிறது. வெர்பலில் இப்போது முதல் செக்‌ஷன் 12 கேள்வி, 18 நிமிடம். இரண்டாவது 15 கேள்வி, 23 நிமிடம். பழைய புத்தகங்களில் 20 கேள்விக்கு 30 நிமிடம் என்று இருக்கும். வேகம் கிட்டத்தட்ட மாறவில்லை, கேள்விக்கு ஒன்றரை நிமிடம்தான். அதனால் பழைய புத்தகத்தின் கேள்விகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், நீளத்தை மட்டும் புதிய கணக்குக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்தக் கேள்வி நேரத்தைத் தின்கிறது என்பது. பெரும்பாலும் எல்லாக் கேள்வியும் அல்ல, இரண்டு கேள்விகள்தான். மூன்று கோடுள்ள கேள்வியோடு நான்கு நிமிடம் மல்லாடிவிட்டு, கடைசியில் வந்த எளிய கேள்வியைப் பார்க்காமலே விடுவார்கள். ஒரு செக்‌ஷனுக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்புதான். குறித்துவைத்துவிட்டுப் பிறகு திரும்பிவரும் வசதி திரையிலேயே இருக்கிறது, அதே செக்‌ஷனுக்குள் விடையை மாற்றவும் முடியும். தப்பு விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆகவே சிக்கிய கேள்விக்கு ஏதோ ஒரு விடையைப் போட்டு, குறித்துவிட்டு நகருங்கள். காலியாக மட்டும் விடாதீர்கள்.

இதைச் செய்தும் நேரம் போதவில்லை என்றால், கோடிட்ட இடக் கேள்விகளை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே மிச்சம் பிடித்தால்தான் பத்திக்கு நேரம் கிடைக்கும். அங்கேயும் இழுக்கிறது என்றால் வேகப் பயிற்சி உதவாது. புரிதல் மெதுவாக இருக்கிறது, கோடிட்ட இடம், பத்தி பற்றிய முந்தைய பகுதிகளுக்குத் திரும்புங்கள். வேகவாசிப்பு வகுப்புகளில் சேர்ந்துவிட்டு வருபவர்கள் பத்தியைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஒவ்வொரு கேள்விக்கும் மறுபடி முதலிலிருந்து படிக்கிறார்கள். மொத்தத்தில் நஷ்டம்.

அறிகுறி: "இரண்டாவது செக்‌ஷன் திடீரென்று கடினமாகிவிட்டது"

கோளாறு அல்ல. முதல் செக்‌ஷனை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவதன் கடினம் அமைகிறது. கடினமானது வந்தால் நல்ல செய்திதான். பதற்றப்படாமல் மேலே சொன்ன அதே முறையில் போங்கள்.

அறிகுறி: "பயிற்சியில் நன்றாக வருகிறது, மாக் டெஸ்டில் விழுகிறது"

பயிற்சியைக் கடிகாரம் வைத்துச் செய்கிறீர்களா? ஒரே வகைக் கேள்விகளை வரிசையாகப் போடாமல் கலந்து போடுகிறீர்களா? காகிதத்தில் படிக்காமல் திரையில் படிக்கிறீர்களா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அதை மாற்றி ஒரு வாரம் பாருங்கள்.

அடுத்தது, எந்த மாக் டெஸ்ட். தனியார் கேள்விகளின் தரம் ஏறுமாறாக இருக்கும். சிலவற்றில் சொல் மட்டும் கடினம், வாக்கியத்தில் துப்பே இருக்காது. இ.டி.எஸ். தரும் பவர்பிரெப் தேர்வுகளில் இரண்டு இலவசம். உங்கள் உண்மையான நிலையைக் காட்டுபவை அவைதான் என்பதால், ஒன்றைத் தொடக்கத்திலும் மற்றதைக் கடைசிக் கட்டத்திலும் எழுதுங்கள். முதல் வாரத்திலேயே இரண்டையும் எழுதித் தீர்த்துவிட்டால், பிறகு அளந்து பார்க்க இலவசமாக ஒன்றும் மிஞ்சாது.

அறிகுறி: "எல்லாம் செய்தாயிற்று, ஸ்கோர் அசையவில்லை"

வெர்பல் ஸ்கோர் 130-லிருந்து 170 வரை. ஒரு டெஸ்டுக்கும் அடுத்த டெஸ்டுக்கும் ஓரிரு புள்ளி மேலே கீழே போவது சகஜம், அதை முன்னேற்றம் என்றும் சரிவு என்றும் கணக்கில் எடுக்க வேண்டாம். தொடர்ந்து மூன்று டெஸ்டுகளின் 'நேரம், சொல், வாசிப்பு'க் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே குவியல் மூன்றிலும் பெரிதாக இருந்தால், நீங்கள் அதற்கு மருந்து செய்யாமல் பிடித்த பகுதியையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்கிறீர்கள் என்று அர்த்தம். குவியல் டெஸ்டுக்கு டெஸ்ட் இடம் மாறினால் களைப்பு அல்லது தூக்கமின்மையைச் சந்தேகியுங்கள். இரண்டு நாள் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஆறு வாரம் குவியலைப் பார்த்துப் படித்தும் அதே இடத்தில் நின்றால் இப்போது ஆசிரியரைத் தேடுங்கள். போகும்போது அந்த மூன்று விடைத்தாளையும், ஒவ்வொரு தப்புக்கும் நீங்கள் எழுதிய காரணத்தையும் கையில் கொண்டுபோங்கள். அவற்றைப் புரட்டிப் பார்த்து உங்களிடம் கேள்வி கேட்பவரிடம் சேருங்கள். பார்க்காமலே 'எங்கள் சொற்பட்டியலை முடித்தால் ஏறிவிடும்' என்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். தேர்வை மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும், 12 மாதத்துக்குள் 5 முறைதான் எழுதலாம். விண்ணப்பக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஆசிரியரோடு பேசும் முதல் நாளிலேயே அடுத்த முயற்சிக்கான தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.